"பெண்களுக்குத் தனியாக உண்டா?": கோலாலம்பூர், பினாங்கு இலவச போதை சிகிச்சையில் கேட்டுப் பெற வேண்டியவை

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு போதை சிகிச்சை மையத்துக்கு போன் செய்து, "பெண்களுக்குத் தனியாக ஏதும் உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கிறது. பெண்கள் வந்தால் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பது ஒன்று. குடிக்கும் கணவரோடும் ஷாபு (மெத்தாம்பெட்டமின் எனும் போதைப்பொருள்) எடுக்கும் மகனோடும் அல்லாடும் மனைவிமார், தாய்மாருக்குக் கூட்டம் நடத்துகிறோம் என்பது இன்னொன்று. போதையில் சிக்கியிருப்பவரே பெண் என்றால், அவருக்குப் பெண் ஆலோசகரும், பெண்கள் மட்டும் உட்காரும் குழுவும், ஆண்கள் வரிசையில் நிற்காமல் உள்ளே போக ஒரு வழியும் இருக்கின்றன என்பது மூன்றாவது. கேட்பவர் மூன்றாவதை நினைத்துக் கேட்கிறார். பதில் சொல்பவர் முதலாவதையோ இரண்டாவதையோ நினைத்துச் சொல்கிறார். நேரில் போய், கூடம் முழுக்க ஆண்களாக இருக்கக் கண்டு வாசலோடு திரும்பிய பெண் இரண்டாம் முறை வருவது அரிது.

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமாக வேரோடியிருக்கிறது. குடி என்றால் அப்பாவின் குடி, கணவனின் குடி. பெண் என்றால் அதனால் அடிபடுகிறவள், அழுகிறவள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள். இது பொய்யில்லை. ஆனால் இப்படி மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டு ஷிப்ட் வேலைக்கும் உடம்பு தாங்கட்டும் என்று ஷாபு தொட்ட பெண்ணோ, தூக்க மாத்திரையை விட முடியாத பெண்ணோ, கணவனோடு சேர்ந்து குடிக்கத் தொடங்கி அவனுக்கு முன்பே உடல் கெட்ட பெண்ணோ தெரிவதில்லை. குடிப்பவனின் மனைவியாக வந்தால் அவளுக்கு ஆறுதல் கிடைக்கிறது. குடிப்பவளாக வந்தால் "நீயுமா?" என்ற கேள்வி கிடைக்கிறது.

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2015இல் வெளியிட்ட உலக அறிக்கை, போதைப்பொருள் பயன்படுத்துவோரில் மூவரில் ஒருவர் பெண் என்றும், சிகிச்சையில் இருப்போரில் ஐவரில் ஒருவரே பெண் என்றும் சொன்னது. மலேசியப் பதிவேடுகளில் பெண்களின் பங்கு இதைவிடக் குறைவு. பத்தில் ஒருவர்கூட இல்லை. நாற்பது ஆண்கள் வரும் இடத்தில் இரண்டு பெண்கள் வந்தால், நேரம், கழிப்பறை, காவலர், குழுப் பேச்சு எல்லாமே அந்த நாற்பது பேரை வைத்துத்தான் அமையும். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. இருந்தும் அந்த இரண்டு பேர் வராமல் போகிறார்கள். பிறகு, பெண்கள் வருவதே இல்லையே, தனி ஏற்பாடு எதற்கு என்ற கேள்வி எழுகிறது. இந்தச் சுழலைப் புரிந்துகொள்ளாமல் எந்த மையத்தின் எண்ணிக்கையையும் நம்பக் கூடாது.

இலவசச் சேவை எங்கெங்கே இருக்கிறது

அரசாங்கத்தில் இரண்டு கதவுகள். இரண்டுக்கும் வேறு வேறு அமைச்சு, வேறு வேறு குணம்.

முதல் கதவு உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். ஏஏடிகே என்றால்தான் பலருக்குத் தெரியும். மாவட்டந்தோறும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் இது. பினாங்கு மாநிலத்தில் மாவட்டங்கள் ஐந்து: தீவில் இரண்டு, செபராங் பிறையில் மூன்று. பட்டர்வொர்த்திலோ நிபோங் திபாலிலோ இருப்பவர் ஜார்ஜ்டவுனுக்குப் பாலம் கடந்து போக வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டின் போதைப்பித்தர் (சிகிச்சை, மறுவாழ்வு) சட்டம்தான் இந்த நிறுவனத்தின் அடித்தளம். அதில் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் இரண்டு. 2024 திருத்தத்துக்கு முந்தைய 6ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் இரண்டு ஆண்டு மறுவாழ்வு மையத்தில் தங்கி, பின்னர் இரண்டு ஆண்டு கண்காணிப்பில் இருக்க வேண்டியிருந்தது. அல்லது வெளியிலேயே இரண்டு முதல் மூன்று ஆண்டு கண்காணிப்பு. 8ஆம் பிரிவு, ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கும் வழி. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இந்த 8ஆம் பிரிவைப் பற்றியதாக இருக்கட்டும்: "சாயா டாத்தாங் செச்சாரா சுக்காரெலா", நான் தானாக வந்திருக்கிறேன். பிடிபட்டு வருவதற்கும் தானாக வருவதற்கும் கோப்பு வேறு, நடைமுறை வேறு. ஆனால் ஏற்கெனவே போலீஸ் வழக்கு இருந்தால், தானாக வந்ததால் மட்டும் அந்த வழக்கு மறைந்துவிடாது. அது இருக்கிறவர் முதலில் இலவச சட்ட உதவியை நாடுவது நல்லது.

சுங்கை பீசியில் 2010இல் திறந்த ‘கியூர் அண்ட் கேர்’ கிளினிக்தான் தானாக வருவோருக்கான திறந்த சிகிச்சை முறையைப் பரவலாக அறிமுகம் செய்தது. அதற்கு முன் ஏஏடிகே என்றாலே பூட்டிய கேட்டுதான் நினைவுக்கு வரும். 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தமும், தண்டனையைவிடச் சிகிச்சைக்கு இடம் கொடுக்கும் திசையிலேயே போகிறது.

இரண்டாம் கதவு சுகாதார அமைச்சு. உங்கள் வட்டாரத்துக் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதாரக் கிளினிக்), அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவு, மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையங்கள். மலேசியக் குடிமக்களுக்குக் கிளினிக் கட்டணம் 1 ரிங்கிட், ஆஸ்பத்திரி நிபுணர் பிரிவுக்கு 5 ரிங்கிட் என்பது பழகிய கணக்கு. ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன் என்ற மாற்று மருந்து 2005 அக்டோபரில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, இப்போது நாடெங்கும் பல அரசாங்க கிளினிக்குகளில் தரப்படுகிறது. எல்லாக் கிளினிக்கிலும் அது இல்லை. உங்கள் கிளினிக்கில் இல்லையென்றால் எந்தக் கிளினிக்கில் உண்டு என்று மருந்தகப் பிரிவிடமே கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இந்த இரண்டு கதவுகளில், பெண்ணுக்கு எது? எங்கள் பார்வையில், குடிக்கும் தூக்க மாத்திரைக்கும் கர்ப்பிணிகளுக்கும் சுகாதார அமைச்சின் கதவுதான். ஏஏடிகே போதைப்பொருளுக்காகப் பிறந்தது. மதுவுக்கு அங்கே போய் நின்றால் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புவார்கள். ஷாபுவுக்கு இரண்டுமே பயன்படும். நல்ல பெண் ஆலோசகர் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள்.

தனி ஏற்பாடு என்பதன் உறுப்புகள்

தனிக் கட்டடம் இருந்தால்தான் தனி ஏற்பாடு என்று நினைக்கத் தேவையில்லை. ஒரு சாதாரண கிளினிக்குக்குள்ளேயே அதை அமைக்க முடியும். ஆனால் எல்லா உறுப்புகளும் பொருந்தினால்தான் அது வேலை செய்யும். ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண்.

முதலில் ஆள். ஆரம்ப மதிப்பீட்டில் கேட்கப்படும் கேள்விகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: முதன்முதலில் யார் கொடுத்தார்கள், பணம் எப்படி வந்தது, ஊசி யார் போட்டுவிடுகிறார்கள், கருத்தடை என்ன, வீட்டில் அடி உண்டா. முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் இதற்கெல்லாம் உண்மையான பதில் வராது. பொய்யான பதிலை வைத்துப் போடும் சிகிச்சைத் திட்டம் தவறாகத்தான் இருக்கும். ஆகவே "காவுன்செலோர் வனித்தா அடா?", பெண் ஆலோசகர் இருக்கிறாரா, என்பதை போனிலேயே கேட்டு, அவர் இருக்கும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறுநீர்ப் பரிசோதனை. மாதிரியை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கம். அந்த ஆள் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. பெண் பணியாளர் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லலாம். மாதவிடாய் நாளில் மாதிரி கொடுக்க வேண்டிவந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். சளி, இருமல் மருந்தோ வலி மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் அட்டையோடு காட்டுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து சோதனையில் போதைப்பொருள்போலவே தெரியும்.

பிறகு வழியும் நேரமும். மெதடோன் கவுண்டர் காலையில் திறக்கும்போது நிற்கும் வரிசையில், அந்தப் பெண்ணுக்கு முன்பு பொருள் விற்றவனே நிற்கலாம். இது மிகையில்லை, ஒரே வட்டாரத்து ஆட்கள்தான் ஒரே கிளினிக்குக்கு வருகிறார்கள். செந்தூலிலோ பாகான் டாலாமிலோ ஒரு தமிழ்ப் பெண் அந்த வரிசையில் நின்றால் மத்தியானத்துக்குள் அது வீட்டுக்குத் தெரிந்துவிடும். காலைக் கூட்டம் வடிந்த பிறகு, பத்தரை, பதினோரு மணிக்குப் பெண்களை வரச் சொன்னால் எந்தச் செலவும் இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். இதை மருந்தாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். தாய்சேய் பிரிவுக்குப் போகும் வழியாக வந்து மருந்தகத்தை அடைய முடிந்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கம் பெண் வருவதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

குழுப் பேச்சுதான் அமைப்பதற்கு மிகக் கடினம். பெண்கள் குழு ஓட நான்கிலிருந்து எட்டுப் பேர் வேண்டும். இரண்டு பேரை வைத்துத் தொடங்கினால் ஒருவர் ஒரு வாரம் வராதபோது குழுவே கலைகிறது. புதன்கிழமை காலை பத்து மணி என்று வைத்தால் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் வர முடியாது. அதனால் பல இடங்களில் பெண்கள் குழு பலகையில் மட்டும் இருக்கும். ஆள் சேராத இடத்தில், கலப்புக் குழுவில் உட்கார வற்புறுத்துவதைவிட, அதே 45 நிமிடத்தைத் தனி ஆலோசனையாகக் கொடுப்பது நல்லது. இரண்டு, மூன்று கிளினிக்குகளின் பெண்களை ஒரே இடத்தில் மாதம் இருமுறை சேர்ப்பதும் ஒரு வழி.

கலப்புக் குழுவில் பெண்கள் தேறவே மாட்டார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆய்வுகள் காட்டுவது இதுதான்: சராசரியாகப் பார்த்தால் இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, ஆனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளின் தாய்மார், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு, குழந்தைப் பராமரிப்பும் கர்ப்பகால கவனிப்பும் சேர்ந்த பெண்கள் திட்டம் நன்றாக உதவுகிறது. ஆகவே வரும் எல்லாப் பெண்களையும் கேட்காமலேயே தனி அறைக்குள் தள்ளக் கூடாது. எது வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும்.

கர்ப்பமும் மெதடோனும்

இங்கேதான் தவறான யோசனைகள் உயிர்களைப் பறிக்கின்றன, அதனால் சற்று நின்று பார்ப்போம்.

ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்கள் மாதவிடாயை நிறுத்திவிடக் கூடியவை. மாதவிடாய் வருவதே இல்லை, எனவே கர்ப்பம் தரிக்காது என்று பெண் நினைத்துக்கொள்கிறார். மெதடோன் தொடங்கிச் சில வாரங்களில் உடல் தேறி, மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம். சிகிச்சைக்கு வந்த முதல் மாதங்களில் எதிர்பாராத கர்ப்பம் ஏற்படுவதற்கு இதுவே காரணம். வாந்தியும் சோர்வும் வந்தால் அதை மருந்து இறங்கும் அவஸ்தை என்று தவறாக எடுத்துக்கொண்டு, நான்கைந்து மாதம் கழித்துத்தான் கர்ப்பம் தெரியவரும். மெதடோன் தொடங்கும் நாளிலேயே கர்ப்பச் சோதனையும் கருத்தடைப் பேச்சும் நடக்க வேண்டும். ஆண்களை மட்டும் பார்த்துப் பழகிய கவுண்டரில் இது விடுபட்டுப் போகும். பெண்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

கர்ப்பம் என்று தெரிந்தவுடன் குடும்பம் சொல்லும் முதல் அறிவுரை: "இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்து." அபின் வகைப் பழக்கத்தில் இது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், மீண்டும் பழைய பொருளுக்கே திரும்புதல் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும், கர்ப்பிணிகளுக்கு மெதடோன் அல்லது புப்ரெநோர்ஃபின் தொடர்வதைத்தான் பரிந்துரைக்கிறது.

நம் கிளினிக்குகளில் தரப்படும் மெதடோன் சிரப் 1 மில்லியில் 5 மில்லிகிராம் கொண்டது. முதல் நாள் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிகிராம், அதாவது 4 முதல் 6 மில்லி. உடலில் அதன் அளவு நிலைப்பட ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும் என்பதால் அளவை அவசரமாக ஏற்ற மாட்டார்கள். "ஒண்ணுமே தெரியலையே" என்று அந்த நாள்களில் வெளியே வாங்கிச் சேர்த்துக்கொள்வதும், மேலே சம்சு எனும் மலிவுச் சாராயமோ தூக்க மாத்திரையோ போடுவதும்தான் முதல் இரண்டு வாரங்களில் மூச்சு நின்று இறப்பதற்குக் காரணம். பலருக்கு 60க்கும் 120க்கும் இடைப்பட்ட மில்லிகிராம் அளவில் நிலைப்படும்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உடல் மெதடோனை வேகமாகச் செரித்துவிடும். அதுவரை சரியாக இருந்த அளவு போதாமல், விடியற்காலை நான்கு மணிக்கே கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்சு, கால் குடைச்சல் தொடங்கும். அளவைக் கூட்டுவதோ, ஒரே நாளின் அளவைக் காலை, இரவு என்று இரண்டாகப் பிரிப்பதோ இதற்குத் தீர்வு. மருந்தைக் கூட்டினால் பிள்ளைக்குக் கேடு என்று பயந்து பெண்கள் இதை மறைக்கிறார்கள். மறைத்தால் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அவஸ்தை.

பிரசவ அறையில் மெதடோன் எடுப்பதாகச் சொல்லியே ஆக வேண்டும். நால்புஃபின், பென்டாசோசின் போன்ற சில வலி ஊசிகள் மெதடோனோடு மோதி, சில நிமிடங்களில் கடும் விடுபடு அவஸ்தையை (பழகிய பொருள் உடலில் இல்லாமல் போகும்போது வரும் அவஸ்தை) தூண்டிவிடும். பிரசவ நாளிலும் அன்றைய மெதடோன் தவறக் கூடாது. குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிக்கச் சிரமம் ஆகியவை வரலாம். பெரும்பாலும் முதல் சில நாளில் தெரியும், மருத்துவத்துக்குக் கட்டுப்படும். அதற்காகத்தான் குழந்தையைச் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கிறார்கள், தண்டனைக்காக இல்லை. தாயோடு ஒரே அறையில் வைத்து, துணியில் சுற்றி அணைத்து, தாய்ப்பால் கொடுத்தால் குழந்தையின் அவஸ்தை குறையும். பாலில் கலக்கும் மெதடோன் மிகச் சொற்பம். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, வெளியே இன்னும் பொருள் எடுத்துக்கொண்டிருந்தாலோ மட்டும் தாய்ப்பால் பற்றி மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

மலேசியாவின் தாய்சேய் கிளினிக்குகள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையை வழக்கமாக்கி, 2018இல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது இந்த நாடு. பெண்கள் கூச்சமில்லாமல் உள்ளே வரும் இடம் தாய்சேய் கிளினிக் ஒன்றுதான். பெண் தாதியர், பெண்கள் வரிசை, குழந்தைக்கு இடம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. போதை பற்றிய கேள்வியையும் மெதடோன் அளவையும் அங்கேயே கொண்டுபோய் வைப்பதுதான் புதுக் கட்டடம் கட்டுவதைவிட விரைவான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து.

மதுவும் ஷாபுவும்

மதுவை நிறுத்துவதில் முதல் நான்கு நாள் கவனம். தினமும் குடிக்கும் பெண் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் காய்ச்சல், நடுக்கம், இல்லாததைப் பார்த்துப் பேசுதல் ஆகியவை வந்தால் உயிருக்கே ஆபத்து. கோயிலில் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துவது மன உறுதிக்கு நல்லது, ஆனால் தினக்குடியில் இருப்பவர் அந்த நாளுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் டயாசிபாம் போன்ற மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது ஆணைவிட அதிகமாக ஏறும், ஈரலும் முன்னதாகவே கெடும். "அவர் குடிக்கிற அளவுக்கு நான் குடிக்கலையே" என்ற ஆறுதலுக்கு அதனால் பொருள் இல்லை.

ஷாபுவுக்கு மெதடோன்போல மாற்று மருந்து கிடையாது. பேச்சு சிகிச்சையும் கண்காணிப்பும்தான். நிறுத்திய முதல் சில நாள்கள் ஒரு தாய் பகலிரவாகத் தூங்குவார், எழுந்தால் அகோரப் பசி, பிறகு மனம் அடியோடு இறங்கும். தற்கொலை எண்ணம் வருவது இந்த வாரத்தில்தான். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண் இந்த வாரத்தை வீட்டில் கடக்க முடியாது. நாளைக் குறிப்பதற்கு முன், அந்த ஏழு நாளுக்குப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பது முடிவாக வேண்டும். இதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. மனம் கட்டுமீறினால் அழைக்க, சுகாதார அமைச்சின் 15555, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே 15999.

பிள்ளைகள், அடி, தங்குமிடம்

சிகிச்சைக்குப் போனால் சமூகநல இலாகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் பெண்களைத் தடுக்கும் காரணங்களில் முதன்மையானது. 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை பற்றியது. கவனிப்பாரின்றிக் கிடக்கும் குழந்தைதான் அதன் அக்கறை. தாய் சிகிச்சையில் இருக்கிறார், பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொள்கிறார் என்ற எழுத்து வடிவிலான ஏற்பாடு தாய்க்குப் பக்கபலம். ஆகவே பிள்ளை இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பெயரோடு ஆலோசகரின் கோப்பில் எழுத வையுங்கள். வரும் ஒவ்வொரு தேதியும் அட்டையில் பதிவாகட்டும்.

வீட்டு வன்முறைதான் அமைப்பின் மிகப் பெரிய ஓட்டை. அடிவாங்கி வரும் பெண்களுக்கான காப்பகங்கள் போதையில் இருப்பவரைச் சேர்க்கத் தயங்கும். போதை மையங்களுக்கோ கணவனிடமிருந்து பாதுகாக்கும் வசதி இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெண் நிற்கிறாள். இப்படிப்பட்டவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உள்ள ஒரே கூரை நெருக்கடி மையம். ஓஎஸ்சிசி என்று கேளுங்கள். காயத்துக்கும் மருத்துவம், விடுபடு அவஸ்தைக்கும் மருத்துவம், சமூகநல அதிகாரியும் அங்கேயே வருவார். அவசரப் பாதுகாப்பு உத்தரவை அந்த அதிகாரியே கொடுக்கலாம், போலீஸ் புகார் முன்கூட்டியே தேவையில்லை. அது 7 நாள் செல்லும். கோலாலம்பூர் வட்டாரத்தில் 1982 முதல் இயங்கும் பெண்கள் உதவி அமைப்பும், பினாங்கில் 1985இல் தொடங்கிய பெண்கள் மாற்றத்துக்கான மையமும் இலவச ஆலோசனை தருகின்றன. அங்கே பேசும்போது போதைப் பழக்கத்தை மறைக்காமல் சொன்னால்தான் எங்கே தங்கவைப்பது என்று அவர்களால் யோசிக்க முடியும்.

கணவனும் அதே பழக்கத்தில் இருந்தால் இன்னொரு சிக்கல். மனைவி வீட்டுக்குக் கொண்டுவரும் மெதடோனை அவன் பறித்துக்கொள்வான், அல்லது அவள் தேறிவிடக் கூடாது என்று கிளினிக்குக்குப் போகும் நாளில் சண்டை மூட்டுவான். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மருந்து வாங்காமல் தினமும் கவுண்டரிலேயே குடித்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு.

தங்கிச் சிகிச்சை பெறுவது என்றால், ஏஏடிகேவின் பெண்கள் மறுவாழ்வு மையம் கிளந்தானின் பாச்சோக்கில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். பினாங்கிலிருந்து கிரிக் மலைப்பாதை வழியே பாதி நாள் பயணம். பிள்ளை பார்க்க வருவதே பெரும்பாடு. ஆண்களுக்கு இருக்கும் அளவு இடங்கள் பெண்களுக்கு இல்லை என்பது வெளிப்படை. அதனால்தான் வட்டாரத்திலேயே வெளிநோயாளியாகச் சிகிச்சை தொடர்வதைப் பெண்களுக்கு முதல் தெரிவாக நாங்கள் சொல்கிறோம். சமய அடிப்படையிலான தனியார் இல்லங்கள் சில இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும். சேர்வதற்கு முன் வழிபாட்டில் கலந்துகொள்வது கட்டாயமா, போன் எத்தனை நாளுக்குத் தடை, மெதடோனைத் தொடர விடுவார்களா என்று கேளுங்கள். மெதடோனை முதல் நாளே நிறுத்தச் சொல்லும் இல்லத்தில், கர்ப்பிணி காலெடுத்து வைக்கவே வேண்டாம். அடையாளக் கார்டில் ஆண் என்று இருக்கும் திருநங்கையர், எந்த வார்டு, எந்த வரிசை என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வது அவசியம். கோலாலம்பூரில் பிடி அறநிறுவனம் (முன்பு பிங்க் ட்ரையாங்கிள்) இவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது.

மொழி, பணம், பண்டிகை

ஆலோசனை பெரும்பாலும் மலாயில் நடக்கும். மலாய் தெரிந்தவருக்கும் வெட்கத்தையும் அடியையும் தாய்மொழியில்தான் சொல்ல வரும். மொழிபெயர்ப்புக்கு மகனையோ கணவனையோ கூட்டிப் போகாதீர்கள். தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். அதே சமயம், தமிழ் ஆலோசகர் என்றால் எல்லாருக்கும் நல்லது என்று மையங்கள் முடிவு செய்துவிடுவதும் தவறு. நம் ஊரில் யாரும் யாருக்கோ சொந்தம். அந்த ஆலோசகர் அக்காவின் நாத்தனாருக்குத் தெரிந்தவராக இருந்தால், பெண் மலாய்க்கார ஆலோசகரையே விரும்புவார். அதைக் கேட்டு வைக்க வேண்டும்.

கட்டணம் இல்லை என்றாலும் செலவு உண்டு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட். தினமும் மெதடோனுக்கு வருபவர் அரைநாள் இழந்தால் சிகிச்சை இலவசம் என்பது பெயரளவில்தான். கிளாங் பள்ளத்தாக்கில் மாதம் 50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மை50 அட்டை போக்குவரத்துச் செலவையாவது கட்டுப்படுத்தும்.

நிலைப்பட்டவர்களுக்கு வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவார்கள். தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கோ, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. தொடர்ந்து மூன்று நாள் தவறிவிட்டால் பழைய அளவை அப்படியே குடிக்கக் கூடாது. உடல் அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், மருத்துவர் பார்த்த பிறகே தொடர வேண்டும். வீட்டில் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். இருமல் மருந்து போத்தலிலோ குளிர்பெட்டியிலோ வைத்த 2 மில்லி, ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும்.

பெண்கள் ஏற்பாடு உடைந்துபோவதற்கு மிகப் பொதுவான காரணம், அது ஒரே ஒரு பெண் ஆலோசகரை நம்பி நிற்பது. அவர் பிரசவ விடுப்பில் போனாலோ வேறு மாவட்டத்துக்கு மாற்றலானாலோ, குழு நின்றுவிடும், கோப்பு ஆண் ஆலோசகரின் மேசைக்குப் போகும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். ஆகவே முதல் நாளிலேயே "நீங்கள் இல்லாத நாளில் நான் யாரைப் பார்ப்பது?" என்று கேட்டு, இரண்டாவது பெண் பணியாளரின் பெயரையும் அவர் இருக்கும் நாளையும் சந்திப்பு அட்டையின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.